தோட்டக் குளத்துக்கு வரும் காட்டு வாத்துகளின் விநோத நடத்தை

கேள்வி:
பச்சைத் தலை ஆண் மல்லார்டு வாத்தும் பெட்டையும் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழுமாக ஆட்டுகின்றன. வேறு ஆண் நெருங்கினால் பெட்டை தோளுக்கு மேலாக அலகைத் திருப்பித் திருப்பிக் கத்துகிறது. இன்னொரு வாத்து பறப்பதே இல்லை. நோயா?

பதில் 1:
தலையாட்டல் இணைசேர்வதற்கு முந்தைய சடங்கு. இணைசேர்ந்து முடிந்ததும் ஆண் கழுத்தைத் தாழ்த்தி நீட்டிப் பெட்டையைச் சுற்றி நீந்தும். பெட்டை நீரை வாரியடித்துக் குளிக்கும். தோள்மேல் கத்துவது தன் ஜோடியை அந்நியன்மேல் ஏவிவிடுவது. தலையிட வேண்டாம்.

பதில் 2:
பறக்காததற்குக் காரணம் இறகுதிர்ப்பாக இருக்கலாம். இனப்பெருக்கம் முடிந்ததும் பறக்கும் இறகுகள் ஒரே சமயத்தில் உதிரும். 3-4 வாரம் பறக்க முடியாது. ஆணும் அப்போது பழுப்பாகிப் பெட்டை போலிருக்கும், ஆனால் அலகு மஞ்சளாகவே இருக்கும். அதைப் பாருங்கள். நாயைக் கட்டிவையுங்கள்.

பதில் 3:
ஜோடி சரி, பறக்காததன் கழுத்தைக் கவனியுங்கள். கால் இழுத்து, இறக்கை தொங்கி, தலையைத் தூக்க முடியாமல் போனால் அது பொட்டுலிசம் என்ற, தசைகளை முடக்கும் நச்சுப் பாதிப்பாக இருக்கலாம். வெயிலில் தேங்கிய, ஆக்சிஜன் குறைந்த நீரில் பாக்டீரியா நஞ்சை உண்டாக்கும். செத்த பறவையின் புழுக்களிலும் நஞ்சு சேரும். அவற்றைத் தின்னும் வாத்தும் சாகும். அதனால் பிணத்தை அங்கேயே விட்டுவைக்கக்கூடாது. ஆனால் கழுத்து முறுக்கு, வட்டமடித்தல், பல பறவைகள் ஒரேயடியாகச் சாவது என்றால் பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்கவேண்டும்: எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். ரொட்டி போடுபவர் நிறுத்தலாம். மிச்சம் அழுகி நீரைக் கெடுக்கும்.