உழவைக் குறைத்த நிலங்களில் நாங்கள் கண்டவை

உழாமல் பயிர் செய்து பார்த்த நாங்கள், ஒவ்வொரு நிலத் தலைப்பின்கீழும் ஒருவராக, அவரவர் கண்டதை எழுதுகிறோம்.

களிமண், மானாவாரிச் சோளம்

கலப்பையை நிறுத்தினால் அடுத்த பருவமே மண் பொலபொலவென்று மாறிவிடும் என்று நம்பி இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். தொடக்கத்தில் நடப்பது நேர்மாறானது. பல காலம் பொடியாக உழப்பட்ட மண்ணுக்குத் தன்னைத் தாங்கிக்கொள்ளும் கட்டமைப்பு மிஞ்சியிருக்காது. உழவு நின்றதும் அது படிந்து இறுகும். என் நிலத்திலும் மண்வெட்டி இறங்க மறுத்தது, சோள வேர் பக்கவாட்டில் ஓடியது, பயிர் வெளிறி நின்றது. "அகல உழுவதைவிட ஆழ உழு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள்.

மாற்றத்தை முதலில் காட்டியது கனமழை. பக்கத்து உழவு வயலிலிருந்து கலங்கல் நீர் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடியது. அறுத்த பயிரின் தாள் மூடிக் கிடந்த என் வயலில் நீர் சற்றே தேங்கி உள்ளே இறங்கியது. வழிந்த கொஞ்ச நீரும் தெளிவாக இருந்தது. மட்கிய வேர்கள் விட்டுச்சென்ற துளைகளும் மண்புழு வளைகளும் அறுபடாமல் மேலிருந்து கீழ்வரை தொடர்வதுதான் காரணம். உழவும் மண்ணில் காற்றிடத்தைக் கூட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொலபொலப்பு ஒரு பெருமழையில் அமுங்கிவிடும். அதோடு, மண் துகள்களைப் பிணைத்து வைக்கும் பூஞ்சை இழைகளை ஒவ்வோர் உழவும் அறுத்துப் போடுகிறது.

நம்பாதவர்கள் இரண்டு வயல்களிலிருந்தும் காய்ந்த மண்கட்டிகளை எடுத்துத் தனித்தனிக் கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இட்டுப் பாருங்கள். என் வயல் கட்டி முழுதாக நின்றது. உழவு வயல் கட்டி பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரைந்து சேறானது.

விளைச்சலைப் பொறுத்தவரை, நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எனக்கு ஆதாயம் எதுவும் இல்லை. கதிர் பிடிக்கும் நேரத்தில் மழை ஏமாற்றிய ஆண்டில்தான் வேறுபாடு தெரிந்தது. உழவு வயல்களில் சோளம் உச்சிப் பொழுதில் இலையைச் சுருட்டிக்கொண்டபோது என் பயிர் விரிந்தே நின்றது.

மணற்பாங்கான செம்மண், கம்பும் துவரையும்

மேலே களிமண் நிலத்துக்காரர் சொன்ன பலனில் பெரும்பங்கு அந்தத் தாளுக்கே உரியது என்பேன். எங்களிடம் மாடுகள் உண்டு. கம்பந்தட்டை முழுவதும் தீவனத்துக்குப் போய்விடும். உழவையும் விட்டு, தட்டையையும் அடியோடு அறுத்தெடுத்த துண்டில் மழைத்துளி வெறும் மண்ணை நேராக அறைந்தது. வெயில் வந்ததும் மேலே ஓடு கட்டியது. துவரை முளைகள் அதை முட்டித் தூக்க முடியாமல் உள்ளேயே மடங்கின. உழுத துண்டைவிட அங்கே விளைச்சல் குறைவு.

இது எங்கள் நிலத்தின் குறை மட்டுமல்ல. 63 நாடுகளில் நடந்த 610 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2015இல் நேச்சர் இதழில் வந்தது. உழவில்லா முறையில் விளைச்சல் சராசரியாக 5.7 விழுக்காடு குறைந்திருந்தது. பயிர்க்கழிவை நிலத்திலேயே விட்டுப் பயிர்ச் சுழற்சியும் செய்த இடங்களில் அந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. வறண்ட பகுதி மானாவாரியிலோ, அவ்விரண்டும் சேர்ந்தபோது உழுத நிலத்தைவிட 7.3 விழுக்காடு கூடுதலாகவே விளைந்தது. வெறும் மண்ணை உழாமல் விடுவது மண் காப்பு ஆகாது. மண்ணை மூடிவைக்கும் தாளுக்கு, அதாவது மூடாக்குக்கு, வழியில்லாத குடும்பத்திடம் போய் கலப்பையை மட்டும் கைவிடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இப்போது தட்டையை முழங்கால் உயரம் விட்டு அறுக்கிறோம். வரிசைகளுக்கு நடுவே தட்டைப்பயறு படர்கிறது. அதனால் குறைந்துபோன தீவனத்துக்கு ஈடாக வரப்புகளில் புல் வளர்க்கிறோம். மாடுகளை அறுவடைக்குப் பின் வயலில் திறந்து விடுவதில்லை. இதற்கு உறவினர்களிடம் பட்ட மனத்தாங்கல் தனிக்கதை.

வண்டல், பாசனம், நெல்லுக்குப் பின் மக்காச்சோளம்

எனக்குக் கிடைத்த முதல் நன்மை காலம். நெல் அறுத்த ஈரத்திலேயே, உழவுக்குக் காத்திருக்காமல், தாளினூடே விதைத்துவிட முடிகிறது. கங்கைச் சமவெளியில் நெல்லுக்குப் பின் உழாமல் கோதுமை விதைப்பது பரவியதற்கும் இதுவே முக்கிய காரணம்: விதைப்பு தள்ளிப்போனால் கதிர் முற்றும் வேளையில் வெப்பம் தாக்கும்.

ஆனால் உரத்தில் கவனம் வேண்டும். வைக்கோலில் கரிமம் (கார்பன்) மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளிக்கும். யூரியாவைத் தாளின் மேல் தூவினால் கணிசமான பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். விதைக்குச் சற்றுத் தள்ளி, மண்ணுக்குள் வரிசையாக இட்ட பிறகுதான் என் பயிர் பச்சை பிடித்தது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மேல் அடுக்கிலேயே தங்கும். கலந்துவிடக் கலப்பை இல்லையே! ஆகவே மண் மாதிரியை மேல் 5 செ.மீ.க்கும் அதன் கீழுள்ள அடுக்குக்கும் தனித்தனியாக எடுங்கள்.

மண்ணில் கரிமம் பெருகும் என்ற பேச்சிலும் அளவு வேண்டும். மேற்பரப்பில் அது கூடுவது உண்மை. ஆனால் உழவு முன்பு பயிர்க்கழிவை ஆழத்தில் புதைத்துக்கொண்டிருந்தது. ஆழம்வரை சேர்த்து அளந்தால் வேறுபாடு பல இடங்களில் சுருங்கிவிடுகிறது. என்னைப் போல் நெல்லுக்கு ஆண்டுதோறும் சேற்றுழவு செய்பவர்கள், அடுத்த பயிரில் மட்டும் உழாமல் விட்டு மண் கட்டமைப்பு முழுதும் திருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

களை பற்றிக் கேட்டவருக்கு

உழாவிட்டால் களை பெருகாதா என்று கேட்டிருந்தீர்கள். முதல் பருவங்களில் கூடத்தான் செய்யும். மேலே கிடக்கும் சிறு விதைகள் ஒருசேர முளைக்கின்றன. அவற்றைப் பூக்கும் முன்பே அகற்றிவிட்டால், எறும்பும் வண்டும் தின்றது போக மேற்பரப்பில் விதை இருப்பு குறைந்துகொண்டே வரும், ஏனென்றால் அடியில் புதைந்தவற்றை மேலே கொண்டுவர யாரும் இல்லை. 1960களில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி சந்தைக்கு வந்த பிறகே பெரிய பண்ணைகளில் உழவில்லா முறை வேகம் பிடித்தது. களைக்கொல்லியை மட்டுமே நம்பியதன் விளைவாக, கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லிக்கும் சாகாத களைகள் இன்று பல நாடுகளில் நிற்கின்றன. அந்தப் பாதையில் போக எனக்கு மனமில்லை. தடித்த மூடாக்கும் கைக்களையும் போதுமான அளவு நிலத்தில்தான் நான் உழவை விட்டிருக்கிறேன்.

கோரையும் அருகும் வேறு வகை. உங்கள் வயலில் கோரைக் கிழங்கு இருந்தால் கோடையில் உழுது, காயவிட்டு, கிழங்கைப் பொறுக்கி ஒடுக்கிய பிறகு தொடங்குங்கள். அடிமண் இறுகியிருந்தால் அதே கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, உளிக் கலப்பையால் ஒருமுறை பிளந்துவிடுங்கள். ஈரமண்ணில் அதை ஓட்டினால் மண் பிளக்காது, கலப்பை போன தடம் மட்டும் மெழுகிக் கிடக்கும்.