ஜன்னலை முழுதாக மூடாதே: அடிவாரக் குடும்பம் குழு, சனிக்கிழமை காலை

காலை 6:40

அம்மா: கண்ணு, கனடாவில் உன் ஆல்பர்ட்டா பக்கம் இன்று இரவு மைனஸ் 32 என்று செல்போன் காட்டுகிறது. அந்த டிரெய்லர் வீட்டில் எப்படித் தூங்குவாய்? ஒரு விடுதியில் அறை எடுத்துக்கொள். பணம் நான் அனுப்புகிறேன்.

அம்மா: பதில் போடு.

தம்பி: இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன் அம்மா. இங்கே வெள்ளிக்கிழமை மாலை 6:10. சூரியன் மறைந்து வெகுநேரம் ஆகிறது. உள்ளே 18 டிகிரி இருக்கிறது, ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். வேலை நடக்கும் ஊரில் வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே. பனிக்காலம் முடியும்வரை இதுதான் வீடு.

அத்தை: அதன் சுவர் எவ்வளவு தடிமன் சாமி? நம் வீட்டுச் சுவர் ஒன்றரை அடி இருந்தே மார்கழியில் தரை சில்லிடுகிறது.

தம்பி: இரண்டு அங்குலம் இருந்தால் அதிகம் அத்தை. ஆனால் சுவரைவிடத் தரைதான் பெரிய சிக்கல். வண்டி சக்கரத்தின்மேல் நிற்கிறது, அடியில் காற்று புகுந்து ஓடுகிறது. அதனால் தரையிலிருந்து வண்டியின் விளிம்புவரை நாலாபுறமும் ஃபோம் பலகை வைத்து அடைத்திருக்கிறேன். அதைச் செய்த பிறகுதான் உள்ளே கால் வைக்க முடிந்தது.

ஏற்காடு பெரியப்பா: இங்கே 11 டிகிரி. அதற்கே காபி பறிக்க வந்தவர்கள் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள். நீ ஒரு கரிச்சட்டியைப் பற்றவைத்து உள்ளே வை. எல்லா இடுக்கையும் துணி வைத்து அடைத்துவிடு. விடியும்வரை கதகதப்பாக இருக்கும்.

அம்மா: மாமா சொல்வதுதான் சரி. ஜன்னல் இடுக்கு எல்லாவற்றையும் அடை.

தம்பி: பெரியப்பா, வேண்டவே வேண்டாம். அதைச் செய்தால் நான் காலையில் எழுந்திருக்க மாட்டேன். இதை உங்கள் மனம் புண்படச் சொல்லவில்லை. தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு இப்போதே விளக்கமாக எழுதுகிறேன்.

அம்மா: என்ன பேச்சு இது.

தம்பி: கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வருகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட அதை இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி வரும், மயக்கம் வரும். தூங்குகிறவனுக்கு அதுவும் தெரியாது. புகை அடங்கிய தணல் பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் ஆபத்து. தணலில்தான் அது நிறைய வருகிறது.

அத்தை மகன்: ஆமாம் மாமா. மலை விடுதிகளில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தி பேப்பரில் வந்திருக்கிறது.

நான்: அப்படியென்றால் உன் வண்டியில் இருக்கும் ஹீட்டரும் கேஸில்தானே எரிகிறது?

தம்பி: அது வேறு அக்கா. அந்த ஃபர்னஸ் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையையும் வெளியிலேயே விடுகிறது. சூடான காற்று மட்டும் உள்ளே வரும். சமையல் அடுப்பு அப்படி இல்லை. எரிவதெல்லாம் அறைக்குள்ளேதான். அதனால் அடுப்பை நான் குளிர்காயப் பயன்படுத்துவதே இல்லை. கார்பன் மோனாக்சைடுக்குத் தனி அலாரம் இருக்கிறது. கேஸ் கசிவுக்கு இன்னொன்று தரைக்கு அருகில் இருக்கிறது, ஏனென்றால் புரோப்பேன் காற்றைவிடக் கனம், கீழேதான் தேங்கும்.

அத்தை மகன்: நம் வீட்டு சிலிண்டர் அந்தக் குளிரில் எரியுமா மச்சான்?

தம்பி: எரியாது என்றே வைத்துக்கொள். நம் சிலிண்டரில் பியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். அதனால் இங்கே சுத்தமான புரோப்பேன்தான். 30 பவுண்டு சிலிண்டர் இரண்டு, அதாவது ஒவ்வொன்றும் 13.6 கிலோ. கடும் குளிரில் ஒரு சிலிண்டர் இரண்டு, மூன்று நாளில் தீர்ந்துவிடும். குளிர் கூடக்கூட அழுத்தம் குறையும், ஆகவே பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை.

அம்மா: கரண்ட் ஹீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் கேஸே வேண்டாமே?

தம்பி: ஒன்று இருக்கிறது அம்மா, 1,500 வாட். ஆனால் வண்டிக்கு வரும் மின்சாரமே 120 வோல்ட், 30 ஆம்பியர். மொத்தம் 3,600 வாட். ஹீட்டரோடு கெட்டிலையும் மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அதைவிட முக்கியமாக இன்னொன்று. ஃபர்னஸ் காற்று தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் போகிறது. கரண்ட் ஹீட்டரால் அறை சூடானால் ஃபர்னஸ் ஓடாது. எனக்குக் கதகதப்பாக இருக்கும், காலுக்குக் கீழே குழாய் உறைந்து வெடித்திருக்கும். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைகிறது அல்லவா.

அத்தை: குளிப்பது எப்படி?

தம்பி: சுடுநீர்த் தொட்டி 23 லிட்டர். சோப்புப் போடும்போது குழாயை மூடிவிட வேண்டும். வெளியிலிருந்து தண்ணீர் வரும் ஹோஸில் சூடேற்றும் கம்பி ஓடுகிறது. கழிவுத் தொட்டியின் வால்வை எப்போதும் மூடியே வைத்து, நிறைந்த பிறகு ஒரேயடியாகத் திறக்கிறேன். திறந்தே விட்டால் சொட்டுச் சொட்டாக வடிந்து குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அம்மா: சரி. ஆனால் ஜன்னல்? கரி வேண்டாம், ஒப்புக்கொண்டேன். ஜன்னலையாவது மூடலாமே.

தம்பி: அம்மா, நான் சொல்ல வந்ததே அதுதான். குளிரைவிட ஈரத்துக்குத்தான் நான் பயப்படுகிறேன். என் மூச்சு, சமையல், குளியல் எல்லாம் ஆவியாகி அந்தச் சின்ன இடத்திலேயே சுற்றுகிறது. ஒரு கிலோ புரோப்பேன் அடுப்பில் எரிந்தாலே ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வருகிறது. அது ஜன்னலிலும் சுவரிலும் படிந்து, இரவில் உறைந்து, பகலில் உருகி வழியும். மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும். மெத்தையைப் பலகைச் சட்டத்தின்மேல் தூக்கி வைத்திருக்கிறேன், கீழே காற்று போவதற்கு. கூரையில் உள்ள துவாரத்தை ஒரு விரல் அளவு எப்போதும் திறந்து வைக்கிறேன். அதில் போகும் சூட்டுக்கு ஆகும் கேஸ் செலவை நான் செலவாகவே நினைக்கவில்லை.

நான்: அம்மா உனக்கு இட்லிப் பானை அனுப்பத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி: அரை மணி நேர ஆவியா! பருப்புப் பொடி அனுப்பச் சொல்.

அம்மா: பொடி அனுப்புகிறேன். துவாரம் திறந்தே இருக்கட்டும். நடுராத்திரியில் மின்சாரமே போய்விட்டால் என்ன செய்வாய்?

தம்பி: ஃபர்னஸின் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். இந்தக் குளிரில் ஓர் இரவு தாங்கினாலே பெரிது. அதற்கு மேல் இங்கே இருக்க மாட்டேன். இந்த வளாகத்தில் குளியலறைக் கட்டடம் ஒன்று சூடாக இருக்கிறது, அதன் சாவி என்னிடம் இருக்கிறது. அடுத்த ஊரில் உடன் வேலை செய்பவர் வீடு இருக்கிறது, கேட்டாயிற்று. பை ஒன்று கட்டித் தயாராக வாசலில் இருக்கிறது.

அம்மா: அவர் நம்பரை அக்காவுக்கு அனுப்பு. அலாரத்தின் பொத்தானை அழுத்தி, சத்தம் வருகிறதா என்று இப்போதே எனக்குப் பதிவு செய்து அனுப்பு.

தம்பி: [குரல் பதிவு 0:04]

அம்மா: கேட்டேன். நல்ல சத்தம்.

காலை 7:25

ஏற்காடு பெரியப்பா: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பறிப்புக்கு வந்தவர்கள் தகர ஷெட்டில் தங்கியிருக்கிறார்கள். குழந்தைகளும் உண்டு. இரவு கரிச்சட்டியை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கதவைத் திறந்து வைக்கச் சொன்னால் போதுமா?

தம்பி: போதாது பெரியப்பா. குளிர் ஏறியதும் யாராவது எழுந்து சாத்திவிடுவார்கள். நெருப்பு வெளியிலேயே இருக்கட்டும். படுக்கும்முன் அதைச் சுற்றி உட்கார்ந்து காய்ந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு உள்ளே போகட்டும். கூரைக்குக் கீழே இரண்டு பக்கமும் காற்றுப் போக வழி விடுங்கள். தரையில் நேரடியாகப் படுக்க வேண்டாம், வைக்கோலோ பலகையோ போட்டு அதன்மேல் பாய் விரிக்கட்டும். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம்.

ஏற்காடு பெரியப்பா: வைக்கோல் இருக்கிறது. சட்டிகளை இப்போதே போய் வாங்கி ஸ்டோர் ரூமில் பூட்டுகிறேன். கம்பளிதான் பற்றாது. அம்மிணி, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்தக் கடையில் கிடைக்குமா?

அம்மா: கிடைக்கும் மாமா. எத்தனை பேர்?

ஏற்காடு பெரியப்பா: பெரியவர்கள் 14, குழந்தைகள் 5.

நான்: கடை திறந்ததும் நான் போகிறேன் பெரியப்பா. 20 வாங்கி மதிய ஏற்காடு பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் ஆள் நிற்கட்டும்.

அத்தை: குழந்தைகளுக்குக் காலுறையும் சேர்த்து வாங்கு. பணம் நான் தருகிறேன்.