பசிலில 1940, பலகையில பூச்சியம். எங்க பிழை விடுறன்?

ஸ்டேஷனடி ஓட்டோ, மட்டக்களப்பு:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு ஸ்டேஷனடியில ஓட்டோ ஓடுறன். கொழும்புக் கோச்சி பிந்துற நாளெல்லாம் எனக்குச் செஸ் நாள்தான். ஸ்டாண்டில மற்றவனுகள் டிக்டொக்கில கிடப்பானுகள், நான் லீசெஸ் எண்ட செஸ் தளத்தில பசில் செய்துகொண்டிருப்பன், அதாவது ஒரு நிலையைத் தந்து நல்ல நகர்த்தலைத் தேடச் சொல்லுற புதிர். ரெண்டு வருசமா விடாமச் செய்யிறன். பசில் ரேட்டிங், அதாவது புதிர் பிடிக்கிற திறமைக்குத் தளம் போடுற புள்ளி, 1940. சும்மா சொல்லக்கூடா, அதில பெருமையாத்தான் இருந்தன், போன ஞாயிறு மட்டும்.

ஞாயிறு பின்னேரம் கல்லடியில மச்சான் வீட்டுக்குப் போனம். மச்சான் எண்டா மனிசிட தம்பி. அவன் பசில் ஒண்டும் செய்யிறல்ல, போனில செஸ் அப்பே இல்ல. திண்ணையில பலகையைப் போட்டுக்கொண்டு இருந்தம். எனக்கு வெள்ளை. நடுவில வந்த நிலையைச் சொல்லுறன், ஏலுமெண்டா பலகையை எடுத்து அடுக்கிப்போட்டு வாசியுங்க. எழுத்து நெடுக்கு வரி, ஏ என்ர இடப்பக்கம்; இலக்கம் குறுக்கு வரி, 1 என்ர பக்கம்.

என்ர ராசா ஜி1, ராணி எச்6, கோட்டை எஃப்1, குதிரை ஜி5, காலாள் ஏ2, பி2, எஃப்2, ஜி2, எச்2. அவன்ட ராசா ஜி8, ராணி டி6, கோட்டை ஈ8, மந்திரி பி7, காலாள் ஏ7, பி6, சி5, எஃப்7, ஜி6. நகர்த்தல் எனக்கு.

அவன் ராணியை டி6க்குக் கொண்டு வந்தவுடன எனக்கு எச்2 காலாளைப் பார்த்துப் பயம். பக்கத்தில ராசா நிக்குது, எடுத்தாலும் அவன்ட ராணிதான் போகும். எண்டாலும் பயம். நாலு நிமிசம் யோசிச்சு அந்தக் காலாளை எச்4க்குத் தள்ளினன். அவன் ராணியை எஃப்6இல வச்சான், அதோட என்ர தாக்குதல் செத்துப் போச்சு. மறுகா இழுபட்டு இழுபட்டு, கடைசியில காலாள் கணக்கில தோத்தன்.

விளையாட்டு முடிஞ்சு தேத்தண்ணி குடிக்கக்குள்ள அவன் அந்த நிலையைத் திரும்ப அடுக்கிப்போட்டுச் சொல்லுறான்: “அத்தான், அந்த நேரம் ராணியை எச்8இல குடுத்திருந்தா என்ர கதை முடிஞ்சிருக்கும்.” பாத்தா உண்மைதான். ராணி எச்8இல செக், ராசா எடுத்தே ஆகவேணும், வேற போக்கிடமில்ல. மறுகா குதிரை எஃப்7 காலாளைத் தின்று செக், அதே குதிரை டி6 ராணியையும் பாக்குது. ராணியை எடுத்தா கோட்டையும் மந்திரியும் ஒரே குதிரையில மாட்டுது.

ஒரே காயால ரெண்டைத் தாக்குற இந்த ஃபோர்க்கைப் பசிலில நூறு தரம் பிடிச்சிருப்பன். பத்துச் செக்கன் போதும். பலகையில நாலு நிமிசமிருந்தும் கண்ணுக்குப் படல. பசிலெல்லாம் வீண் வேலையா? இல்லாட்டி என்ர மண்டையிலதான் பிழையா?

சாய்ந்தமருதுக் குதிரை:

அண்ணே, மண்டையில பிழையில்ல. நான் பின்னேரத்தில பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் செஸ் பழக்குறன், இந்தக் கதையை மாசத்துக்கு ஒருக்காவாவது கேக்கிறன்.

பசில் திறந்தவுடன என்ன நடக்குது? முதல்ல எதிராளிட காய் ஒண்டு தானா நகரும். அது அனேகமா அவர் விட்ட பிழை. மறுகாதான் உங்கட முறை. லீசெஸ்ஸில பசிலெல்லாம் ஆக்கள் மெய்யா விளையாடின ஆட்டத்திலயிருந்து எடுத்தது. அதில பிழை விட்ட இடமாத் தேடிப் பிடிச்சு, அந்த இடத்தில உங்களைக் கொண்டுபோய் இருத்திப்போட்டு, இஞ்ச ஒண்டு இருக்குது தேடு எண்டு காதுக்குள்ள சொல்லுது. திண்ணையில ஆர் சொல்லுவார்? அறுபது நகர்த்தலில எது அந்த நேரமெண்டு நீங்களேதான் கண்டுபிடிக்கவேணும். பசில் பழக்காத வேலை அது ஒண்டுதான். 1940 எண்டதையும் பெரிசா எடுக்காதீங்க, பசில் ரேட்டிங் வேற கணக்கு, ஆட்ட ரேட்டிங் வேற கணக்கு.

நான் பிள்ளைகளுக்குச் செய்யிறது இது. பத்து நிலை அச்சடிச்சுக் குடுப்பன். அதில நாலில ஒரு மண்ணும் இராது, சும்மா ஒரு காயை நல்ல இடத்தில வச்சாப் போதும். எது அந்த நாலு எண்டு சொல்லமாட்டன். முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் பத்திலயும் ராணியைப் பலி குடுத்து வச்சிருந்துதுகள். ஒரு பிள்ளை மட்டும் தாளைத் தூக்கிக் காட்டி “சேர், இதில ஒண்டுமில்லயே” எண்டு கேட்டா. அண்டைக்கு அவவுக்குத்தான் சொக்கலேட்.

மறுகா ஒரு கேள்வி. அவன் டி6க்கு வர முதல் அந்த ராணி எங்க நிண்டது? ஆக்கள் எதிராளிட காய் போன இடத்தைத்தான் பாக்கிறது. விட்டுட்டுப் போன இடத்தைப் பாக்கிறல்ல. டி6இல வந்து எச்2ஐப் பாத்ததுதான் உங்கட கண்ணில பட்டிருக்கு. வர முதல் அது எதைக் காத்துக்கொண்டு நிண்டது?

இன்னொண்டு. மூணு நிமிசத்தில அடிச்சு முடிக்கிற பசில் ஸ்டோமைக் கொஞ்ச நாளைக்கு விடுங்க. அது விரலுக்குத்தான் வேலை.

ஸ்டேஷனடி ஓட்டோ:

எஃப்6! எஃப்6இலதான் நிண்டது. அங்க நிண்டு எஃப்7ஐயும் எச்8ஐயும் ஒரே நேரத்தில காத்துக்கொண்டிருந்தது. நான் எச்4 தள்ளினவுடன திரும்பிப் போய் நிண்டதும் அதே எஃப்6தான். கதவைத் திறந்து வச்சிட்டு ஒரு நகர்த்தல் வெளிய போய் வந்திருக்கான். நான் வாசலில நிண்டு செருப்பைப் பாத்துக்கொண்டு நிண்டிருக்கன்.

அக்கரைப்பற்று 7:

அண்ணே கோவிக்காதீங்க. நீங்களும் பிழை, உங்கட மச்சானும் பிழை.

அந்த நிலையில ராணியைக் குடுக்கவே தேவையில்ல. ராணி எச்7இல செக். குதிரை காவல், அதால ராசா எடுக்கேலா. போறதுக்கு எஃப்8 மட்டும்தான் இருக்கு. மறுகா ராணி எஃப்7 காலாளை எடுத்தா செக்மேட். ஈ8இல அவன்ட சொந்தக் கோட்டையே வழியை மறிக்குது, ஈ7, ஜி7, ஜி8 மூண்டும் உங்கட ராணிட கையில. ராணியை எடுக்கப் போனா ஜி5 குதிரை. டி6 ராணி சும்மா நிண்டு வேடிக்கை பாக்கும்.

ரெண்டு நகர்த்தல். வடிவான ஃபோர்க்கைக் கண்டவுடன எல்லாரும் அதோட நிண்டுட்டீங்க.

ஸ்டேஷனடி ஓட்டோ:

ஹயர் ஒண்டு ஏத்திக்கொண்டு போய் இறக்கிப்போட்டு இப்பதான் பாத்தன். ஓட்டோ சீட்டில சின்னக் காந்தப் பலகையை வச்சு அடுக்கிப் பாத்தன். ரெண்டு தரம் பாத்தன். மேட்தான். ஒண்டும் செய்யேலா. மச்சானுக்குப் படமெடுத்து அனுப்பியிருக்கன், நீல டிக் விழுந்திட்டு, பதில் இல்ல.

சாய்ந்தமருதுத் தம்பி, நீங்களும் காணல்லயா?

சாய்ந்தமருதுக் குதிரை:

வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், நானும் காணல்ல. உங்கட மச்சான்ட விடையை வாசிச்சிட்டு அது சரியா எண்டுதான் பாத்தன். வேற நல்லது இருக்குமா எண்டு தேடவேயில்ல. எங்கட பிள்ளைகளுக்கு நாளைக்கு இந்த நிலையைக் குடுக்கப் போறன், அக்கரைப்பற்றுக்காரருக்கு ஒரு சொக்கலேட் கடன்.

ஓய்வு வாத்தியார், களுவாஞ்சிக்குடி:

தம்பிமார் நல்லாக் கதைக்கிறீர்கள். ஓட்டோத் தம்பி, பசில் வீணா எண்டு கேட்டீரே. அதுக்கு ஒரு பழைய கதை சொல்லுறன்.

1956இல் மொஸ்கோவில், பிறகு உலகச் சம்பியனான பெட்ரோசியான், சிமாகின் எண்ட ஆட்டக்காரருக்கு எதிரா ராணியை எச்8இல் கொண்டுபோய்ப் பலி குடுத்தார். ராசா எடுத்தது, குதிரை எஃப்7இல் குதிச்சது, ராசாவையும் ராணியையும் ஒண்டாப் பிடிச்சது. உம்முடைய மச்சான் திண்ணையில் கண்ட அதே விளையாட்டு. பத்து வருசம் கழிச்சு 1966இல், அதே மொஸ்கோ, உலகச் சம்பியன் போட்டி, பத்தாவது ஆட்டம், எதிரே ஸ்பாஸ்கி. பெட்ரோசியான் திரும்பவும் ராணியை எச்8இல் வைச்சார். ஸ்பாஸ்கி அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டுக்குடுத்தார். அந்த உருவம் அவருடைய கைக்குள்ளேயே இருந்தது. நீர் ரெண்டு வருசமாச் சேர்த்ததும் அந்தச் சாமான்தான். ஆகவே வீணில்லை.

ஆனால் எப்போது அதை வெளியில் எடுக்கிறது எண்டதுதான் கேள்வி. அதுக்குப் புதுக் கதை ஒண்டு. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சம்பியன் போட்டி, குகேஷும் அப்போதைய சம்பியன் டிங் லிரனும் ஆடின 14ஆவது ஆட்டம். ஆளுக்கு ஆறரைப் புள்ளி, இதுதான் கடைசி. குகேஷுக்குக் கறுப்பு, ஒரு காலாள் கூட. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் சமநிலை எண்டுதான் நினைச்சம். ஃபோர்க் இல்லை, ராசாவுக்கு ஆபத்து இல்லை, பசில் மாதிரி ஒரு மணமும் இல்லை. 55ஆவது நகர்த்தலில் டிங் கோட்டையை எஃப்2இல் வைச்சார், கோட்டையை மாத்திப்போட்டுச் சமநிலை எடுப்பம் எண்டு. அவருடைய மந்திரி ஏ8 மூலையில் கிடந்தது. கோட்டைகள் போனவுடன் குகேஷ் தன் மந்திரியை டி5இல் வைச்சார். மூலையில் கிடந்த மந்திரிக்கு மாறாமல் தப்ப வழியில்லை. அதுவும் போக, மிஞ்சினது காலாள் மட்டும். மூண்டு நகர்த்தலில் டிங் கை குடுத்தார். பதினெட்டு வயசுப் பொடியன் உலகச் சம்பியன்.

அந்த எஃப்2 ஆருக்கும் பயமான நகர்த்தல் இல்லை. சாந்தமான நகர்த்தல். உமக்கு அந்த ராணி டி6க்கு வந்தது எவ்வளவு பயமாத் தெரிஞ்சது! பயமாத் தெரிஞ்சதில் ஒரு ஆபத்தும் இல்லை, டிங்கின் சாந்தமான நகர்த்தலில் பட்டமே போனது. ஆகவே மனே, எதிராளி நகர்த்தினவுடன் கையை மடியில் வையும். செக் இருக்கா, எடுக்க ஏதும் இருக்கா, காவல் இல்லாமல் எது நிக்குது, எது காவலை விட்டுட்டு வந்தது. இதை ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பார்க்கவேணும், பயம் வந்தாலும் வராட்டிலும். நான் ஒருகாலத்தில் கையை மடியில் வைக்க மறந்து ஆடித் தோத்த ஆட்டம் கணக்கில்லை, அதனால்தான் சொல்லுறன்.

உம்முடைய ஆட்டங்களையே லீசெஸ்ஸில் ஏத்திக் கணினிக்குக் குடும். பிழை விட்ட இடத்தில் உம்மை நிறுத்தித் திரும்ப யோசிக்கச் சொல்லும் வசதி அதில் இருக்கு. மற்றவனுடைய பிழையைவிட உம்முடைய பிழை மனசில் நிக்கும்.

ஸ்டேஷனடி ஓட்டோ:

சேர், கையை மடியில வைக்கிறது எண்டது எனக்குச் சரியான கஷ்டம், ஸ்டியரிங் பிடிச்ச கை. ஆனா செய்து பாக்கிறன்.

மச்சான் கடைசியாப் பதில் அனுப்பியிருக்கான். “அந்த மேட் எனக்கு அண்டைக்கே தெரியும், உங்கட மனசு நோகக்கூடா எண்டு சொல்லல்ல” எண்டு. பச்சைப் பொய். வாற ஞாயிறு கல்லடிக்குப் போறன்.

சாய்ந்தமருதுத் தம்பி, அந்தப் பத்து நிலையையும் படமெடுத்து இஞ்ச போடேலுமா? எது அந்த நாலு எண்டு மட்டும் சொல்லிப்போடாதீங்க.