மட்டக்களப்பில் காணியை விட்டுவிட்டு வெளிநாடு போனவர்களுக்கு: தரகர் எதற்கு?

கல்லடியில் காணித் தரகு பார்க்கிறேன். இரவு பதினொரு மணிக்கு என் போன் அடித்தால் அது பெரும்பாலும் ரொறன்ரோதான். அங்கே மத்தியானம், சாப்பாட்டு இடைவேளை. எடுப்பவர் அங்கே போய் ஆறு மாதம் ஆகியிருக்காது. "அண்ணன், வளவை வித்துத் தாங்க. ஆனா ஏன் தரகுக் காசு ரெண்டு வீதம் குடுக்கணும்? மச்சான் இருக்கார்தானே, அவரே ஆளைப் பார்ப்பார்" என்பார்கள். இதே கேள்வி இந்த இழையிலும் மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

ஆள் பிடிப்பதற்கு மட்டும் என்றால் தரகர் தேவையில்லை. ஃபேஸ்புக்கில் நாலு படம் போட்டால் மாலைக்குள் ஆள் வந்துவிடும். பக்கத்து வளவுக்காரரே வாங்குகிறார் என்றாலும், தம்பிக்கோ தங்கைக்கோ எழுதுகிறீர்கள் என்றாலும் எனக்குக் காசு தராதீர்கள். ஒரு நில அளவையாளரும், உறுதி (காணிப் பத்திரம்) எழுதும் ஒரு நொத்தாரிசும் போதும். என் வேலை ஆள் வருவதற்கு முன்னால் நடக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் இரண்டு வீதம் கசக்கிறது.

ஒன்றைச் சொல்கிறேன். நாவலடிப் பக்கம் ஒரு வளவு, உறுதியில் 20 பேர்ச் (160 பேர்ச் ஒரு ஏக்கர்). உரிமையாளர் அப்போதுதான் லண்டன் போயிருந்தார். உறுதி அறுபதுகளில் எழுதியது. வடக்கே இன்னாரின் வளவு, தெற்கே இன்னாரின் வளவு என்று நாலு எல்லைக்கும் நாலு பெயர், நாலு பேரும் இப்போது இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அங்கே வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை, வெறும் மணல். அந்த ஊரில் தப்பிய ஒரு பெரியம்மாவைத் தேடிப் பிடித்துக் கூட்டிப் போனேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "கிணத்தக் கண்டுபிடி மனே. கிணத்துக்கும் எங்கட தென்னைக்கும் நடுவாலதான் வேலி போனது" என்றார். இரண்டு பேரை வைத்துத் தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் கிணற்றுக் கட்டு தட்டுப்பட்டது. அதையும் பழைய நில அளவைப் படத்தையும் வைத்து அளவையாளர் அளந்தபோது வந்தது 17 பேர்ச். மூன்று பேர்ச்சை எப்போதோ ஒழுங்கைக்கு விட்டிருக்கிறார்கள், உறுதியில் அது ஏறவில்லை. 20 பேர்ச்சுக்குக் காசை வாங்கியிருந்தால் வாங்கினவர் லண்டன்காரர் மேல் வழக்குப் போட்டிருப்பார். மச்சான் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் தோண்டியிருக்க மாட்டார்.

கடலோரக் காணிக்கு இன்னொன்றும் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு தளர்த்தினார்கள். தளர்த்தினாலும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி என்ற ஒன்று உண்டு. நாவலடியானாலும் திருக்கோவிலானாலும் வாங்குகிறவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு சொன்னால் அது சண்டை.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் காணி உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். உங்கள் கையில் இருப்பது உறுதியா, அல்லது அரசாங்கம் கொடுத்த ஒப்பமா (அனுமதிப்பத்திரமா)? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, ஏன் அதற்கு அடுத்த படியான அளிப்புக் காணியைக்கூட, பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. ஊரில் அதை ஒரு கடுதாசி எழுதிக் கைமாற்றுவது வழக்கம். அந்தக் கடுதாசிக்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. தனியார் காணிக்கே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று 1840ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, வெறும் கடுதாசி எங்கே நிற்கும்?

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படி ஒரு கடுதாசிக்கு நடுவில் நின்றிருக்கிறேன். ஒப்பம் வைத்திருந்தவர் இறந்துபோனார். அவர் மகன் வந்து, "அப்பா வித்தது எனக்குத் தெரியாது" என்றான். வாங்கினவருக்கு என் தரகுக் காசைத் திருப்பிக் கொடுக்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு ஒப்பக் காணி என்றால் முதலில் பிரதேச செயலகத்துக்குத்தான் போவேன். உங்கள் அப்பா பெயரில் ஒப்பம் இருந்து அவர் இன்னும் உயிரோடு இருந்தால், விற்கிற கதையை விடுங்கள். பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணிக்கு உரியவர்) யார் என்று பதிந்திருக்கிறதா என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள்.

வயல் வேறு கதை. வட்டையில் (வயல்வெளியில்) உங்கள் ஐந்து ஏக்கரை முல்லைக்காரர் ஒருவர் உங்களுக்காகச் செய்துகொண்டிருப்பார், போடியார் (பெரிய வயல்காரர்) காலத்திலிருந்து அவர் குடும்பம்தான். கமநல சேவை நிலையத்தின் நெற்காணி இடாப்பில் அவர் பெயர் குத்தகைக்காரராக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு. சொந்தக்காரர் மாறினார் என்பதற்காக அவரை எழுப்ப முடியாது. இப்போது டவுனுக்குக் கிட்ட வயலை நிரப்பித் துண்டு துண்டாக "வீட்டுக் காணி" என்று விற்கிறார்கள். நிரப்ப அனுமதி எடுத்த கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடிதம் இல்லாவிட்டால் அங்கே கட்டிட அனுமதிக்கு அலைவது நீங்கள்தான்.

குடியுரிமையைப் பற்றி யாருமே முன்கூட்டிக் கேட்பதில்லை. கேட்கிற நேரத்தில் கடவுச்சீட்டு மாறியிருக்கும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்கு இலங்கையில் காணி எழுத முடியாது. இரட்டைக் குடியுரிமை வைத்திருந்தால் தடை இல்லை. பெற்றோரின் காணி வாரிசாக வந்து சேர்வதற்கும் விலக்கு உண்டு. ஆனால் "நாலு வருசம் உழைச்சிட்டு வந்து பாசிக்குடாவில ஒரு துண்டு வாங்குவம்" என்று நினைத்துக்கொண்டு இரட்டைக் குடியுரிமையைப் பற்றி யோசிக்காமல் கனடாப் பிரசை ஆனால், அந்தத் துண்டு உங்கள் பெயருக்கு வராது. "தம்பி பெயரில் வாங்குவம்" என்பார்கள். அது தம்பியின் காணி. உறுதியில் யார் பெயரோ அவருடையது.

அற்றோனித் தத்துவத்துக்கு, அதாவது உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரத்துக்கு, வருவோம். மச்சானுக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "என் சகல சொத்துக்களையும்" என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். இந்த ஒரு காணி, இந்த விலைக்குக் குறையாமல், காசு என் வங்கிக் கணக்குக்கு என்று குறித்து எழுதுங்கள். அங்கே இலங்கைத் தூதரகத்திலோ உயர்ஸ்தானிகராலயத்திலோ கையெழுத்து வைத்தாலும், இங்கே பதிந்த பிறகுதான் அது வேலைக்கு உதவும். எனக்கு அற்றோனித் தத்துவம் கொடுக்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். நான் வாங்குவதில்லை. விற்கிறவரின் கையும் தரகரின் கையும் ஒன்றாக இருக்கக்கூடாது. "எல்லாம் எனக்கே எழுதித் தாங்க, நான் பாக்கிறன்" என்று எந்தத் தரகராவது சொன்னால் "மறுகா பாப்பம்" என்று போனை வைத்துவிடுங்கள்.

இன்னொரு குழப்பம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் சொல்கிற தேசவழமைச் சட்டம் நம் பக்கத்துக்குப் பொருந்தாது. பங்காளிக்கு முதலில் கேட்டுத்தான் விற்க வேண்டும் என்ற அந்தக் கதையை இங்கே கொண்டுவர வேண்டாம். நம் ஊர் வழக்கம் வீடு வளவு மகளுக்கு என்பது. ஆனால் வழக்கம் வேறு, உறுதி வேறு. அக்காவுக்கு என்று வாயால் சொல்லி, எழுதாமல் அம்மா கண்ணை மூடியிருந்தால், உயில் இல்லாத இடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. அக்கா அதை விற்கப் போகிற நாளில் ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் கையெழுத்தும் தேவை. எத்தனையோ நல்ல குடும்பங்கள் இந்த ஒரு கையெழுத்தில் பேச்சை விட்டிருக்கின்றன.

விற்காமல் பூட்டிவிட்டுப் போனவர்களுக்குச் சுருக்கமாக: யாரையாவது இருக்க விட்டிருந்தால் ஒரு ஒப்பந்தம் எழுதுங்கள், மாதம் நூறு ரூபாய் வாடகை என்றாலும் சரி. சோலை வரியை (உள்ளூராட்சி மன்றத்துக்குக் கட்டும் ஆதன வரியை) உங்கள் பெயரில் கட்டி ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பத்து வருடம் தடையில்லாமல் காணியை ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்று 1871ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உங்கள் அனுமதியோடு இருந்தவர் அதில் வெல்வது கடினம்தான், ஆனால் வழக்கு என்று வந்தால் ஓடித் திரிவது நீங்கள்.

இங்கே யார் வேண்டுமானாலும் தரகர் என்று பலகை மாட்டிவிடுகிறார்கள். காலையில் மீன் விற்றவர் மாலையில் காணித் தரகர். அதனால் ஆளைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். கடைசியாக எந்த மூன்று காணி முடித்தார், எந்த நொத்தாரிசிடம் முடித்தார் என்று கேளுங்கள், அந்த நொத்தாரிசிடமே விசாரியுங்கள். விலையில் மேல் வைத்து விற்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு நாற்பது லட்சம் என்பார், வாங்குகிறவரிடம் நாற்பத்தைந்து என்பார், ஐந்து அவர் பைக்குள். இதைத் தடுக்க ஒரே வழி, வாங்குகிறவரோடு ஒரு தடவையாவது நீங்களே நேரடியாக வீடியோவில் பேசுவது. இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறாரா என்றும் நேராகக் கேளுங்கள். நான் இப்போது விற்கிறவரிடம் மட்டும் வாங்குகிறேன், அதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இதே கேள்வியைப் போன இடத்திலும் கேட்கப் பழகுங்கள். ஒன்றாரியோவில் ஏஜென்ட் பதிவு செய்த ஆளாக இருக்க வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வேலையைத் தொடங்கும் முன் அவர் உங்களிடம் ஒரு தகவல் கையேட்டைத் தந்து விளக்க வேண்டும். தமிழ் ஏஜென்ட் என்பதற்காக அதை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். இங்கிலாந்தில் வீடு விற்கிற ஏஜென்ட் விற்கிறவரின் ஆள், உங்களோடு எவ்வளவு சிரித்துப் பேசினாலும். அங்கே வாடகைக்கு எடுப்பவர்களிடம் "பதிவுக் கட்டணம்", "பரிசோதனைக் கட்டணம்" வாங்குவது 2019 ஜூன் 1 முதல் தடை. என் அக்காவின் மகனிடம் ஈஸ்ட் ஹாமில் ஒருவர் கேட்டிருக்கிறார். இவன் சட்டத்தின் பெயரை மட்டும் மெசேஜில் அனுப்பினான், அடுத்த மெசேஜில் கட்டணம் இல்லாமல் போய்விட்டது.

விற்ற காசை அங்கே கொண்டுபோவது, மூலதன ஆதாய வரி, இரண்டும் என் வேலை அல்ல. உறுதி முடிக்கும் முன்பே வங்கியிலும் கணக்காளரிடமும் கேட்டுவிடுங்கள். முடித்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

அப்புறம், என்னிடமோ வேறு யாரிடமோ உறுதியைப் படம் எடுத்து அனுப்பும்போது முதல் பக்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அட்டவணை கடைசியில் இருக்கும், எல்லையும் அளவும் அங்கேதான். வெளிச்சத்தில் வைத்து, விரல் மறைக்காமல்.