'ட்ரைபொலொஜி'க்குத் தமிழில் என்ன?

திருகோணமலை, ஆசிரியை:
வணக்கம். உயர்தரப் பிள்ளைகளின் கண்காட்சிக்காகக் குறைகாபன் போக்குவரத்து பற்றி ஒரு கையேடு செய்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். உராய்வு, தேய்மானம், அவற்றைக் குறைக்க எண்ணெயோ கிறீஸோ இடுதல் மூன்றையும் ஆராயும் துறையான ட்ரைபொலொஜி தலைப்பிலேயே வருகிறது. 1966இல் இத்துறை பற்றி பிரித்தானியாவில் வந்த ஜோஸ்ட் அறிக்கையோடு பரவிய பெயர். 'உராய்வியல்' என்று எழுதிவிட்டேன். ஒரு மாணவன் தன் சைக்கிளின் பின்சில்லு அச்சைக் கழற்றிக் கொண்டுவந்தான். குண்டுகள் ஓடிய தடம் குழிந்திருந்தது, கிறீஸ் மண்ணோடு கறுத்திருந்தது. "ரீச்சர், இதிலே உராய்வு மட்டுமா இருக்கு?" என்று கேட்டான். சரியான கேள்வி.

உப்புவெளி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
மகள், 'மசகியல்' என்று வையுங்கள். மசகு என்பது வண்டி அச்சில் பூசும் மை. உராய்வும் தேய்வும் இருப்பதால்தானே அது வேண்டியிருக்கிறது? உப்பு விற்ற உமணர் வண்டிக்கடியில் 'சேம அச்சு', அதாவது உதவிக்கென ஒரு மேலதிக அச்சு, கட்டிக்கொண்டு போனதைப் புறநானூறு 102இல் ஔவையார் பாடுகிறார். அந்தச் சேமத்தைத்தான் இப்போது நிலைபேறு என்கிறோம். அதையும் தலைப்பில் சேர்க்கலாம்.

பேராதனை, பொறியியலாளர்:
ஐயா, நம் செய்திகளில் மசகு எண்ணெய் என்றால் நிலத்திலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு மசகியல் பெற்றோலியமாகத்தான் படும். உராய்வைக் குறைப்பது மட்டும் இந்தத் துறையின் வேலையும் அல்ல. தண்டவாளத்தில் உருக்குச் சில்லுக்குள்ள உருளல் தடை, வீதியில் டயருக்குள்ளதில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. ரயிலின் சிக்கனம் அங்கேதான். ஆனால் சில்லு வழுக்கினால் பிடிப்புக்காகத் தண்டவாளத்தில் மணல் தூவுகிறார்கள். 2017இல் ஹோம்பெர்க், எர்டெமிர் என்ற இத்துறை ஆய்வாளர்கள் போட்ட கணக்கையும் கையேட்டில் சேருங்கள்: உலகம் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதம் உராய்வை வெல்லவும், 3 சதவீதம் தேய்ந்த பாகங்களை மீளச் செய்யவும் போகிறது. என் தெரிவு 'தொடுபரப்பியல்'.

மூதூர், மொழிபெயர்ப்பாளர்:
தொடுபரப்பு என்றால் எல்லோரும் தொலைபேசித் திரையைத்தான் நினைப்பார்கள். 'தேய்வியல்' எப்படி? சந்தனத்தைத் தேய்க்கிறோம், அது உராய்வு. செருப்பு தேய்கிறது, அது தேய்மானம். தலைக்கு எண்ணெய் தேய்க்கிறோம், அதுதான் மசகு. மூன்றும் ஒரே வேரில் இருக்கின்றன. கிரேக்க மூலத்துக்கும் தேய்த்தல் என்றுதான் பொருள். மூட்டுத் தேய்வு என்று வைத்தியர் சொல்வதும் இந்தத் துறைக்குள் வருவதுதான்.

பேராதனை:
அழகான சொல். ஆனால் பாடநூலில் பிள்ளைகள் படித்தது உராய்வு. தேய்வியல் என்றால் தேய்மானம் மட்டும்தான் என்று நினைப்பார்கள். வேண்டுமானால் நான் உராய்வியலுக்கே வருகிறேன்.

ஆசிரியை:
வியாழன் இரவாகிவிட்டது. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் உராய்வியலுக்கு நால்வர், தேய்வியலுக்கு இருவர், மசகியலுக்கு ஐயா. தலைப்பில் உராய்வியல் போகிறது. சைக்கிள் அச்சின் படத்துக்குக் கீழே தேய்வியலையும் போடுகிறேன். அந்த மாணவனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

உப்புவெளி:
மசகியலை விட்டுவிடுகிறேன், மகள். ஆனால் மூதூர்த் தம்பி தன்வினையையும் பிறவினையையும் ஒன்றாக்கிவிட்டார். தேய்தல் வேறு, தேய்த்தல் வேறு. 'தேய்ப்பியல்' என்றல்லவா வர வேண்டும்? அச்சுக்குப் போகட்டும். நாளை விரிவாக எழுதுகிறேன்.