ரோம் – புளோரன்ஸ், 4 இரவு, 5 பேர்: இந்தத் திட்டத்தில் எங்கே இடிக்கிறது?

பூவரசு கேட்கிறார்:

அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை மதியம் 2.10-க்கு ரோம் ஃபியுமிச்சீனோவில் இறங்குகிறோம். செவ்வாய் இரவு 9.30-க்கு அங்கிருந்தே திரும்பும் விமானம். விமான டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறோம், மாற்ற முடியாது. நான், கணவர், மாமியார் (68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம்), பையன் 8, பாப்பா 3.

யோசித்து வைத்தது: வெள்ளி, சனி, ஞாயிறு இரவு ரோம். சனிக்கிழமை கொலோசியம், ஞாயிறு வாத்திகன் அருங்காட்சியகம். திங்கள் காலை ரயிலில் புளோரன்ஸ் போய் உஃபீட்சி ஓவியக்கூடமும் டேவிட் சிலையும். செவ்வாய் காலை பேராலயக் குவிமாடம் ஏறிவிட்டு, மதியம் நேரே விமான நிலையம்.

வாத்திகனுக்கு டிக்கெட் போடப் போனால் ஞாயிறே காட்டமாட்டேன் என்கிறது. உஃபீட்சிக்குத் திங்கள் வரவில்லை. தளத்தில் கோளாறா, நான் தப்பாகப் பார்க்கிறேனா? இன்னொன்று, 5 பேர் என்பதால் கார் எடுப்பது மலிவா?

கரிசல்:

தளத்தில் கோளாறு இல்லை, கிழமையில்தான் கோளாறு. வாத்திகன் அருங்காட்சியகம் ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள், உங்கள் ஞாயிறு அதுவல்ல. உஃபீட்சி, டேவிட் இருக்கும் அக்காதேமியா இரண்டும் திங்கள் விடுமுறை. ஒவ்வொரு ஊருக்கும் அது மூடிக் கிடக்கும் நாளில் போகிறீர்கள்.

ஒரு நாளைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், ஊர் வரிசையைத் திருப்புங்கள். வெள்ளி இறங்கியதும் நேரே புளோரன்ஸ். வெள்ளி, சனி இரவு அங்கே. ஞாயிறு மாலை ரோம் வந்து ஞாயிறு, திங்கள் இரவு இங்கே. வாத்திகன் திங்கள் திறந்திருக்கும், கொலோசியம் செவ்வாய் காலை. விமானம் ஏறும் நாளில் அதே ஊரில் இருப்பீர்கள், அது தனி நிம்மதி. உங்கள் பழைய திட்டத்தில் செவ்வாய் மதியம் ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதமானால் வயிற்றில் புளி கரைத்திருக்கும்.

பூவரசு:

நன்றி சார், இது தோன்றவே இல்லை. ஆனால் இறங்கிய அன்றே இன்னொரு பயணமா? பாப்பா தாங்குமா?

தண்டவாளம்:

தாங்கும், தூங்கிவிடும். 2.10-க்கு இறங்கினால் குடிவரவு வரிசை, பெட்டி எல்லாம் முடிய 3.30 – 4 மணி ஆகும் என்று வையுங்கள். விமான நிலையத்திலிருந்து லியொனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் ரோமின் முதன்மை நிலையமான தெர்மினி. அது நிற்பது தெர்மினியின் ஓரக் கடைசி நடைமேடை, அங்கிருந்து அதிவேக ரயில்கள் நிற்கும் இடத்துக்கு மாமியாரோடும் பெட்டிகளோடும் 10 நிமிட நடை. ஆகவே புளோரன்ஸ் ரயிலை 5.30-க்குப் பிறகு பாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான் ஓடும். விமான நிலையத்திலிருந்தே நேராகப் புளோரன்ஸ் போகும் ஃப்ரெச்சாரோசா அதிவேக ரயில் நாளுக்குச் சில உண்டு. நேரம் பொருந்தினால் மாறும் வேலையே இல்லை.

டிக்கெட்டில் கவனம். சூப்பர் எகானமி என்பது மலிவு, ஆனால் அந்த ரயிலை விட்டால் காசு போச்சு, மாற்ற முடியாது. விமானம் இறங்கும் நாளில் அதை வாங்காதீர்கள். பேஸ் டிக்கெட்டை ரயில் கிளம்பும் வரை எத்தனை முறையும் மாற்றலாம், கிளம்பிய பிறகும் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை மாற்றலாம். அதோடு பேஸ் கட்டணத்தில் பெரியவர்களோடு வரும் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசச் சலுகை இருக்கிறது, ‘பிம்பி கிராத்திஸ்’ என்று தேடுங்கள். உங்கள் கணக்கில் 3 டிக்கெட் விலையில் 5 இருக்கை. ஞாயிறு திரும்பும் ரயிலுக்கு இரண்டு விதத்தையும் போட்டுப் பார்த்து மலிவானதை எடுங்கள்.

எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று: தெர்மினி அறிவிப்புப் பலகையில் புளோரன்ஸ் என்று தேடினால் கிடைக்காது. ரயிலின் கடைசி ஊர்தான் இருக்கும், அதாவது மிலானோ, வெனேட்சியா, தோரினோ. டிக்கெட்டில் இருக்கும் ரயில் எண்ணை வைத்துத் தேடுங்கள். நடைமேடை எண் கிளம்ப 10 – 15 நிமிடம் இருக்கும்போதுதான் வரும். அதற்கு முன் பதற வேண்டாம்.

சித்திரைவெயில்:

கார் பற்றி யாரும் சொல்லவில்லையே. எடுக்காதீர்கள் சகோதரி. நெடுஞ்சாலை 280 கிலோமீட்டர், 3 மணி நேரம், சுங்கக் கட்டணம், எரிபொருள், நிறுத்தக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ரயிலை விட மலிவாக வராது. பெரிய சிக்கல் அது இல்லை. இரண்டு ஊரின் பழைய நகரமும் இசட்டிஎல் எனப்படும் போக்குவரத்துத் தடைப் பகுதி. நுழைவாயிலில் தடுப்புக் கம்பி இருக்காது, கேமரா மட்டும். பலகையில் ‘வார்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது என்று பொருள். அத்தீவோ என்ற சொல்லைப் பார்த்து ‘திறந்திருக்கிறது’ என்று நினைத்து உள்ளே விடுபவர்கள் ஏராளம். வழி தவறி வாசலைக் கடந்தாலும் அபராதம்தான். கார் வாடகைக்காரர் உங்கள் முகவரியைக் கொடுக்க ஒரு தொகை தனியாக எடுப்பார், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும்.

பூவரசு:

கார் ஆசை விட்டது. மாமியாரால் குவிமாடம் ஏற முடியுமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கரிசல்:

பேராலயத்தில் புருனெல்லெஸ்கி கட்டிய அந்தக் குவிமாடம் 463 படி, லிப்ட் கிடையாது. மேலே போகப்போக இரண்டு சுவருக்கு நடுவே ஒடுங்கும் படிக்கட்டு, பாதியில் திரும்ப வழியும் சிரமம். மாமியாருக்கும் பாப்பாவுக்கும் வேண்டாம். கணவரும் பையனும் மட்டும் போகட்டும், நேரம் குறித்த முன்பதிவு கட்டாயம். பேராலயத்தின் உள்ளே போவது இலவசம், ஆனால் ஞாயிறு பார்வையாளருக்கு மூடியிருக்கும். ஆகவே சனிக்கிழமை பேராலயமும் அக்காதேமியாவும், ஞாயிறு காலை உஃபீட்சி. உஃபீட்சியில் லிப்ட் உண்டு. மாமியாருக்கு மேலிருந்து ஊர் பார்க்க ஆசை என்றால் பேருந்தில் பியாட்சாலே மிக்கெலாஞ்சலோ என்ற குன்றின் மேல் சதுக்கத்துக்குப் போங்கள், ஒரு படி ஏறாமல் குவிமாடத்தையே எதிரே பார்க்கலாம்.

அக்காதேமியாவுக்கு இடம் கிடைக்காவிட்டால் சோர வேண்டாம். டேவிட் முதலில் நின்ற இடம் பியாட்சா தெல்லா சிஞ்ஞோரியா சதுக்கம். 1873-ல் அசலை உள்ளே கொண்டுபோனார்கள், 1910 முதல் அங்கே நகல் நிற்கிறது. காசில்லாமல் பார்க்கலாம்.

டிக்கெட் விஷயத்தில் ஒரு நுணுக்கம்: இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களில் 18 வயதுக்குக் கீழ் இலவசம். ஆனாலும் முன்பதிவில் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும், சேர்க்காமல் போனால் வாசலில் நிறுத்துவார்கள். வாத்திகன் வேறு நாடு, அந்தச் சலுகை அங்கே செல்லாது. பாப்பாவுக்கு இலவசம், பையனுக்குக் குறைந்த கட்டணம் உண்டு. கொலோசியம் டிக்கெட் 30 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஒவ்வொருவர் பெயரும் டிக்கெட்டில் இருக்கும். கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் ஊர் முதலெழுத்துப் பழக்கத்தில் ‘எஸ். லட்சுமி’ என்று போட்டுவிட்டு, கடவுச்சீட்டில் தந்தை பெயர் முழுதாக இருந்தால் வாசலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

பருப்புசாதம்:

சுத்த சைவம் என்றால் சீஸில்தான் கண்ணி. பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறைய வைப்பார்கள், பெக்கொரீனோ ரோமானோவுக்கு ஆட்டுக்குட்டியுடையது. மாமியார் அதைப் பார்ப்பவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பார்ப்பவர் என்றால் பிட்சா மரினாரா பாதுகாப்பு: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய், சீஸே கிடையாது. புளோரன்ஸில் ரிபொல்லீத்தா என்று பழைய ரொட்டி, வெள்ளை மொச்சை, கருங்கீரை போட்டுக் கொதிக்க வைத்த கூழ் மாதிரி ஒன்று. முழங்கால் வலிக்காரருக்கு மாலைக் குளிரில் இதம். ஆனால் சிலர் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், ‘சென்சா கார்னே?’ (இறைச்சி இல்லாமலா?) என்று கேளுங்கள். சூப் எதுவானாலும் ‘ப்ரோதோ தி கார்னே?’ என்று கேளுங்கள், இறைச்சித் தண்ணீரை அவர்கள் இறைச்சியாகவே எண்ணுவதில்லை. புளோரன்ஸ் இருக்கும் தோஸ்கானா வட்டார ரொட்டியில் உப்பு இருக்காது, கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம்.

உணவகங்கள் இரவு 7 – 7.30-க்குத்தான் அடுப்பு பற்ற வைக்கும். பிள்ளைகளுக்கு 6 மணிக்குப் பசித்தால் ‘பிட்சா அல் தாலியோ’ கடை. கத்திரியால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். பலகையில் விலை ஒரு எத்தோவுக்கா கிலோவுக்கா என்று பாருங்கள், எத்தோ என்றால் 100 கிராம். விரலால் அளவு காட்டினால் போதும்.

தண்டவாளம்:

வெள்ளிக்கிழமை பயணம் என்பதால் ஒன்று விட்டுப்போனது. இத்தாலியில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் வெள்ளியில் வரும். ஷோப்பெரோ என்பார்கள். சட்டப்படி குறைந்தது 10 நாள் முன்னறிவிப்பு வேண்டும், போக்குவரத்து அமைச்சகத் தளத்தில் பட்டியல் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் பாருங்கள். வேலைநிறுத்தம் நடந்தாலும் வேலைநாளில் காலை 6 – 9, மாலை 6 – 9 வட்டார ரயில்கள் ஓடியாக வேண்டும். நீண்டதூர ரயில்களில் ‘உறுதி ஓட்டம்’ என்று தனிப் பட்டியல் உண்டு, உங்கள் ரயில் எண் அதில் இருந்தால் கவலை இல்லை.

சித்திரைவெயில்:

தங்குமிடத்துக்கு: ‘அஷென்சோரே’ இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள், லிப்ட் என்று பொருள். பழைய கட்டடங்களில் லிப்டுக்கே ஏழெட்டுப் படி ஏற வேண்டி வரும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். விடுதி வரி ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள். ரோமில் 10 வயதுக்குக் கீழ், புளோரன்ஸில் 12-க்குக் கீழ் கிடையாது. ரோம் மெட்ரோ, பேருந்தில் 10 வயதுக்குக் கீழ் இலவசம். வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், ஆனால் ஒருவருக்கு ஓர் அட்டை.

ரோமில் தண்ணீர் வாங்காதீர்கள். தெருவோரம் நசோனே என்று வளைந்த மூக்குக் குழாய் ஓயாமல் ஓடும், குடிக்கலாம். நுனியை விரலால் அடைத்தால் மூக்கின் மேல்பக்கத் துளை வழியே தண்ணீர் பீச்சியடிக்கும், குனியாமல் வாய் வைக்கலாம். மாமியாருக்கு அது வசதி. பையன் அதை விட்டு வரமாட்டான், மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

பூவரசு:

வரிசையைத் திருப்பி எல்லாம் போட்டுவிட்டேன். வாத்திகன் திங்கள் காலை 9 மணி, கொலோசியம் செவ்வாய் 9.30. ஞாயிறு மாலை ரயில்: ஃபிரென்ட்சே (புளோரன்ஸ்) காம்போ தி மார்த்தே – ரோமா திபுர்த்தீனா, 4 யூரோ குறைவாகக் கிடைத்தது. எடுக்கட்டுமா?

தண்டவாளம்:

எடுக்காதீர்கள். இரண்டும் அந்தந்த ஊரின் இரண்டாம் நிலையங்கள். காம்போ தி மார்த்தேக்குப் பழைய நகரத்திலிருந்து இன்னொரு ரயிலோ பேருந்தோ பிடிக்க வேண்டும், திபுர்த்தீனாவிலிருந்து மறுபடி மெட்ரோ. ஃபிரென்ட்சே எஸ்.எம்.என். (சாந்தா மரியா நொவெல்லா, முதன்மை நிலையம்) என்று இருப்பதிலிருந்து ரோமா தெர்மினி வரை எடுங்கள். எஸ்.எம்.என். நிலையம் பேராலயத்திலிருந்து 10 நிமிட நடை. பாப்பா வண்டியை மடித்துத்தான் ஏற்ற வேண்டும், கதவு திறக்கும் முன்பே மடித்து வையுங்கள்.