பதிவுக்குப் பணம் கட்டாதே, தங்கச்சி

குழு: நோர்வூட் – ஹட்டன் சொந்தங்கள்

சனிக்கிழமை

நான்: எல்லாருக்கும் மாலை வணக்கம். ஒரு விசயம் கேட்க வேண்டும். டெலிகிராமில் ஒரு விளம்பரம் வந்தது. வர்ச்சுவல் அசிஸ்டன்ட் வேலையாம், வீட்டிலிருந்தே செய்யலாமாம், மாதம் ஒன்றரை இலட்சமாம். பதிவுக்கு 7,500 ரூபாய் கட்டினால் திங்கட்கிழமையே வேலை என்கிறார்கள். ஏ எல் பரீட்சை ரிசல்ட் வரும் வரை சும்மாதானே இருக்கிறேன். அம்மா சீட்டுப் பணத்தில் தருவதாகச் சொன்னார்.

ஹட்டன் அக்கா: கட்டாதே.

ஹட்டன் அக்கா: தங்கச்சி, இன்னும் கட்டவில்லைதானே?

நான்: இல்லை அக்கா. நாளைக்கு டவுனுக்குப் போய்ப் போடலாம் என்று இருந்தேன்.

ஹட்டன் அக்கா: நல்ல வேளை கேட்டாய். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபொசிட் என்று என்ன பெயர் வைத்தாலும் சரி, வேலை தருவதாகச் சொல்லிச் சல்லி கேட்டால் அந்த நம்பரை ப்ளொக் பண்ணிவிடு. முதலில் 7,500, அப்புறம் கணக்கைத் திறக்க இன்னும் கொஞ்சம் என்று இழுத்துக்கொண்டே போவார்கள். ஆனால் அந்த வேலை பொய்யில்லை. நான் செய்வதும் அதுதான்.

பெரியம்மா: கேட்டால் மெயில் பார்க்கிறேன் என்றுதான் இவள் சொல்வாள். அது என்ன வேலை என்று இங்கேயே எழுது மகள், நானும் வாசிக்கிறேன்.

ஹட்டன் அக்கா: சரி அம்மா. இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கம் ஒருவர் குழாய் வேலை செய்கிறார். அவரும் ஒரு உதவியாளும்தான் மொத்தக் கம்பெனி. பகல் முழுக்க யாரோ ஒருவர் வீட்டு சிங்க்குக்குக் கீழே படுத்து நட்டைக் கழற்றிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் நாலு பேர் விலை கேட்டு மெயில் போட்டிருப்பார்கள். அவர் இரவு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, களைப்போடு பதில் எழுத உட்காரும்போது அவர்கள் வேறு ஆளைப் பிடித்திருப்பார்கள்.

ஹட்டன் அக்கா: அந்த மெயிலை நான் வந்தவுடனே பார்ப்பேன். எந்தக் குழாய், எங்கே கசிகிறது, ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்பேன். அவர் தந்த விலைப்பட்டியலைப் பார்த்து மதிப்பீடு அனுப்புவேன். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரத்தையும் கணக்கில் எடுத்து கெலண்டரில் நாள் குறிப்பேன். வேலை முடிந்ததும் ஸீரோ என்ற கணக்கு மென்பொருளில் பில் போடுவேன்.

ஹட்டன் அக்கா: பில்லுக்குப் பணம் வராவிட்டால் நினைவூட்டுவதும் நான்தான். "இன்னும் கட்டவில்லையே" என்று எழுத மாட்டேன். "இன்ன திகதி அனுப்பிய பில்லை மறுபடியும் இணைத்திருக்கிறேன், வங்கி விபரம் கீழே இருக்கிறது, இந்த வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று எழுதுவேன். மறந்து போனவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே போட்டுவிடுவார்கள். பழைய மெயிலைத் தேடவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள், அதனால்தான் பில்லை மறுபடி இணைப்பது. மற்றவர்களுக்கு வெள்ளிக்கிழமை இன்னொன்று போகும்.

பெரியம்மா: இப்போதுதான் விளங்குகிறது. தோட்டத்து ஒபிஸில் கிளாக்கர் ஐயா ஆட்களின் வேலைநாள் பதிவான செக்ரோலை எழுதி, கடிதாசி பார்த்து, துரைக்கு எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிக் கொடுப்பார். அந்த மாதிரி.

ஹட்டன் அக்கா: அதேதான் அம்மா. துரை லீட்ஸில், நான் ஹட்டனில்.

கொழும்புத் தம்பி: அக்கா, இதற்கு ஏதும் கோர்ஸ் படிக்க வேண்டுமா? இங்கே கடையில் காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை நிற்கிறேன். போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். எனக்கும் சரிவருமா என்று யோசிக்கிறேன்.

ஹட்டன் அக்கா: சரிவரும் தம்பி, ஆனால் உடனே கடையை விட்டுவிடாதே. காசு கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. கூகிள் கெலண்டர், ஷீட்ஸ், படம் வடிவமைக்கும் கென்வா மூன்றையும் இலவசமாகவே பழகலாம். சிலர் வருசக்கணக்கில் மென்பொருள் படித்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு ஆளிடமும் வேலை கேட்க மாட்டார்கள். யாருக்கு உதவப் போகிறாய் என்பதை முதலில் முடிவு பண்ணு, அவருக்கு என்ன தேவையோ அதை மட்டும் படி. குழாய்க்காரருக்கு பில்லும் கெலண்டரும் வேண்டும். பொட்காஸ்ட் செய்பவருக்கு அது ஒன்றுமே வேண்டாம், குறிப்பு எழுதி நேரத்துக்குப் பதிவேற்ற ஆள் வேண்டும். "எல்லா வேலையும் செய்வேன்" என்று எழுதினால் ஒருவருக்கும் நம் முகம் நினைவில் நிற்காது.

நான்: என் இங்கிலீஷ் அவ்வளவு நல்லாயில்லை அக்கா. கதைக்கவே பயமாக இருக்கிறது.

ஹட்டன் அக்கா: இந்த வேலையில் கதைப்பது குறைவு, எழுதுவதுதான் அதிகம். சின்னச் சின்ன வசனமாக, பிழையில்லாமல், கேட்ட கேள்விக்குப் பதிலாக எழுதத் தெரிந்தால் தொடங்கலாம். அதோடு உனக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். லண்டனில், டொரொண்டோவில் நம் ஆட்கள் கடை, கணக்கு அலுவலகம், கல்யாண மண்டபம் நடத்துகிறார்கள். அவர்களின் வாடிக்கையாளர்களிடம் தமிழிலும் இங்கிலீஷிலும் பதில் சொல்லும் ஆள் அங்கேயே கிடைத்தாலும் சம்பளம் கட்டி மாளாது. அந்தப் பக்கமும் பார்.

கொழும்புத் தம்பி: இணையத்தில் வேலை பிடிக்கும் ஃபைவர் தளத்தில் கணக்குத் திறந்தால் ஆட்கள் தேடி வருவார்களா?

ஹட்டன் அக்கா: திறக்கலாம். நம்மைத் தெரியாதவர் நம்மை நம்ப அங்கே விழும் நல்ல ரிவியூ உதவும். ஆனால் ஃபைவர் நம் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். 50 டாலர் வேலை செய்தால் கைக்கு 40 தான். அதே மாதிரித் தளமான அப்வேர்க்கிலும் கழிவு உண்டு, விண்ணப்பம் போடவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன் வேண்டும். இன்னொன்று, அங்கே பிடித்த ஆளைக் களவாக வெளியே கூட்டிக்கொண்டு போனால் கணக்கை மூடிவிடுவார்கள். நீண்ட நாள் ஆட்கள் எனக்கு லிங்க்ட்இன் வழியாகவும், ஏற்கெனவே இருந்தவர் சொல்லியும்தான் வந்தார்கள்.

பேங்க் மாமா: இப்போதுதான் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன். மருமகளே, பணம் வரும் வழியை முன்னாலேயே சரி பண்ணிக்கொள். பேபால் நம் நாட்டில் நீண்ட காலமாகப் பணம் கட்டத்தான் உதவியது, வாங்க உதவவில்லை. வெளிநாட்டுப் பணம் வாங்க நம் பிள்ளைகள் அதிகம் பாவிப்பது பேயோனியர் என்ற சேவை. அதில் அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயரும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். நம் ஆட்களின் பாஸ்புக்கில் இனிஷியல் மட்டும் இருக்கும், அங்கேதான் சிக்கும். உன் கிளையில் கேட்டு முழுப் பெயரைப் போட்டுக்கொள்.

நான்: முகவரி கேட்டால் என்ன செய்வது மாமா? எங்களுக்கு லயத்து நம்பர் மட்டும்தான். கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும்.

பேங்க் மாமா: வங்கி ஸ்டேட்மென்டில் உள்ள முகவரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எல்லா இடத்திலும் போடு. ஒரு இடத்தில் தோட்டத்தின் பெயர், இன்னொரு இடத்தில் டிவிசன் பெயர் என்று மாற்றி எழுதாதே. அப்புறம் தொழில் வளர்ந்து பெயர் பதியப் போனால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அங்கே இடம் யாருடையது என்று கேட்பார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் முதலில் கிராம உத்தியோகத்தரைக் கண்டு என்ன கடிதம் வேண்டும் என்று கேட்பது நல்லது.

பேங்க் மாமா: வரியும் இருக்கிறது. முன்பு வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது இல்லை. ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரைக்கும் எல்லாருக்கும் உள்ள தனிநபர் விலக்கு உனக்கும் உண்டு, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம். அதற்கு மேல் போனால் வரி. ஆனால் அந்தப் பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக நாட்டுக்குள் வந்தால் வரி வீதம் 15 சதவீதத்தைத் தாண்டாது. டின் என்ற வரி செலுத்துநர் இலக்கத்தை இப்போதே எடுத்து வை, அதற்குக் கட்டணம் இல்லை.

ஹட்டன் அக்கா: மாமா சொன்னதை எல்லாரும் ஸ்டார் போட்டு வையுங்கள். 

கொழும்புத் தம்பி: நேரம் எப்படி அக்கா? ராத்திரி முழுக்க முழிக்க வேண்டுமா?

ஹட்டன் அக்கா: ஆளைப் பொறுத்தது. நியூயோர்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. சிட்னியில் காலை 9 என்றால் நமக்கு விடியக்காலை நாலரை, அவர்களுடைய கோடையில் மூன்றரை. இங்கிலாந்து நமக்கு வசதி. குளிர்காலத்தில் அங்கே காலை 9 நமக்குப் பகல் இரண்டரை, மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு ஒன்றரை, ஒக்டோபர் கடைசி ஞாயிறில் மறுபடி இரண்டரை. அந்த இரண்டு ஞாயிறுகளையும் கெலண்டரில் குறித்து வை.

ஹட்டன் அக்கா: அப்புறம் கரண்ட். மே மாதம் மழை தொடங்கினால் நம் பக்கம் மரம் சாயும், லைன் அறும். கரண்ட் போனாலும் ரவுட்டரை ஓட வைக்க ஒரு மினி யூபிஎஸ், வேறு கம்பெனி சிம் போட்ட டொங்கிள் ஒன்று, இரண்டும் இல்லாமல் வெளிநாட்டு ஆளிடம் நேரம் ஒப்புக்கொள்ளாதே. முதல் தடவை கதைக்கும்போதே "இங்கே மழைக்காலத்தில் மின்சாரம் போகும், போனால் இன்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன்" என்று சொல்லிவிடு. சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். சொல்லாமல் காணாமல் போனால் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை

நான்: அக்கா, நேற்று எழுதியதை எல்லாம் திரும்ப வாசித்தேன். உங்களிடம் இப்போது டிக்கோயாப் பிள்ளைகள் இரண்டு பேர் வேலை செய்கிறார்களே, அது எப்படி வந்தது?

ஹட்டன் அக்கா: நாலாவது வாடிக்கையாளரையும் எடுத்தபோது என் நேரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வளர இரண்டு வழி. விலையைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் சேர்க்க வேண்டும். நான் இரண்டையும் செய்தேன். மணிக்கணக்கை விட்டு மாத ஒப்பந்தத்துக்கு மாறினேன்: மாதம் இத்தனை மணித்தியாலம், இன்னின்ன பொறுப்பு, பணம் மாத ஆரம்பத்தில். விலை கூட்டுவதை ஒரு மாதம் முன்னால் எழுதி அறிவித்தேன். ஒருவர் விலகினார், மற்றவர்கள் இருந்தார்கள்.

ஹட்டன் அக்கா: ஆள் சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வேலையையும் படிப்படியாக எழுதி வைத்தேன். லூம் என்று ஒன்று இருக்கிறது, திரையில் செய்வதை நம் குரலோடு பதிந்து கொடுக்கலாம். அதைத் தமிழிலேயே பேசிப் பதிந்தேன், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. தொடக்கத்தில் அவர்கள் மெயிலை எழுதி வைப்பார்கள், அனுப்புவது நான். பிழை குறையக் குறைய நேரடியாக அனுப்ப விட்டேன். "என்னோடு இன்னொருவர் வேலை செய்யப் போகிறார்" என்று வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்கினேன். அவருடைய ஆட்களின் முகவரியும் நம்பரும் நம் கையில் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இன்னொருவரிடம் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஹட்டன் அக்கா: அந்தப் பிள்ளைகளுக்குச் சம்பளம் மாதம் முடியும் நாளில் போய்விடும். எனக்கு வர வேண்டியது தாமதமானாலும் அவர்களுக்குப் போகும். அதற்காகவே ஒரு மாதச் சம்பளத்தை வங்கியில் தொடாமல் வைத்திருக்கிறேன். தேயிலை விலை விழுந்ததென்று நம் ஆட்கள் எத்தனை மாதம் அட்வான்சுக்கு நின்றிருக்கிறார்கள். என்னிடம் வேலை செய்யும் பிள்ளைக்கு அந்த நிலை வரக் கூடாது.

கொழும்புத் தம்பி: ஏஐ வந்து இந்த வேலையே இல்லாமல் போய்விடும் என்கிறார்களே அக்கா?

ஹட்டன் அக்கா: பார்த்து டைப் பண்ணும் வேலை, பெயர்ப்பட்டியல் சேர்க்கும் வேலை குறைகிறது, அதை நம்பி இறங்காதே. மெயிலுக்கு வரைவு எழுத நானும் அதைப் பாவிக்கிறேன். ஆனால் கோபமாக எழுதியிருக்கும் ஒரு வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதா, மறுபடி ஆள் அனுப்புவதா என்று முதலாளியின் குணம் தெரிந்து முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கப் பார்.

நான்: எனக்கு அனுபவமே இல்லையே அக்கா, முதல் ஆள் எப்படி நம்புவார்?

ஹட்டன் அக்கா: ஹப்புத்தளை அண்ணன் இந்தக் குழுவில்தானே இருக்கிறார். அவருடைய கெஸ்ட் ஹவுஸுக்கு வெள்ளைக்காரர்கள் அனுப்பும் மெசேஜ்களுக்கு யார் பதில் போடுவது?

ஹப்புத்தளை அண்ணன்: நான்தான் தங்கச்சி, சமைத்துக்கொண்டே. சீசனில் பாதி மெசேஜைப் பார்க்கவே நேரமில்லை. லிப்டன் சீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், எல்லவுக்கு எந்த ட்ரெயின் என்று ஒரே கேள்வியைத்தான் தினமும் கேட்பார்கள்.

ஹட்டன் அக்கா: தங்கச்சி, அண்ணனுக்கு இங்கேயே எழுது. என்ன செய்வாய், எப்போது செய்வாய்.

நான்: அண்ணே, உங்கள் விருந்தினர்கள் அனுப்பும் மெசேஜ்களுக்குக் காலை 7 முதல் இரவு 9 வரை ஒரு மணித்தியாலத்துக்குள் நான் பதில் போடுகிறேன். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதில்களை முன்கூட்டியே எழுதி உங்களிடம் காட்டி வைத்துக்கொள்கிறேன். வருகிறவர்களின் நேரத்தையும் சாப்பாட்டு விபரத்தையும் தினமும் மாலை ஒரு ஷீட்டில் போட்டு அனுப்புகிறேன்.

ஹட்டன் அக்கா: நன்றாக இருக்கிறது. விலை எங்கே?

நான்: சொந்த அண்ணன்தானே அக்கா...

ஹட்டன் அக்கா: அண்ணனிடமே கேட்கக் கூச்சப்பட்டால் லண்டன்காரரிடம் எப்படிக் கேட்பாய்? போடு.

நான்: மாதம் 15,000 ரூபாய் அண்ணே. முதல் மாதம் திருப்தி இல்லை என்றால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஹப்புத்தளை அண்ணன்: சரி, எனக்குச் சம்மதம். வேலை நன்றாக இருந்தால் இங்கிலீஷில் ஒரு நற்சான்றுக் கடிதமும் தருகிறேன். புக்கிங் டொட் கொம் பாஸ்வேர்டை இப்போதே இங்கே போடட்டுமா?

ஹட்டன் அக்கா: வேண்டாம் அண்ணே! குழுவில் இருபது பேர் இருக்கிறார்கள். புக்கிங் டொட் கொம்மில் விடுதிக்காரர்கள் பாவிக்கும் எக்ஸ்ட்ராநெட் பக்கத்தில் தங்கச்சிக்குத் தனியாக ஒரு பயனர் கணக்குத் திறக்கலாம், மெசேஜ் பகுதிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்ட் உங்களிடமே இருக்கட்டும்.

ஹப்புத்தளை அண்ணன்: அப்படியா, அது நல்லது. உன் மெயில் முகவரியை அனுப்பு தங்கச்சி.

நான்: உங்கள் நம்பருக்குத் தனியாக அனுப்பிவிட்டேன் அண்ணே.